பளபளப்பு வேறு, மீட்பு வேறு: வால்வு ரேடியோவை முன்வைத்து ஒரு விமர்சனம்

பழைய வால்வு ரேடியோக்களை மீட்டெடுக்கும் காணொளிகளுக்கு என்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. முதலில் தூசி மண்டிய மரப்பெட்டி, உள்ளே பல்லி முட்டை, எலி கடித்த துணி. அடுத்து காற்றடித்துச் சுத்தம் செய்வது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மூன்று கோட் வார்னிஷ். நடுவே அரை நிமிஷம் சேசிஸைத் திருப்பிக் காட்டுவார்கள், ஏதோ நாலு பார்ட்ஸ் மாறும். கடைசியில் குமிழைத் திருகினால் ஒரு பழைய பாட்டு. 'முன்', 'பின்' படங்களை அருகருகே வைத்து முடித்துவிடுவார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் காயலான் கடையில் ஒரு ஐந்து வால்வு செட்டை வாங்கி மேஜைமேல் வைத்த பிறகு, இந்த இலக்கணத்தின்மேல் சந்தேகம் வந்தது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். பி.ஈ. படித்தபோது வால்வு என்பது பாடப்புத்தகத்தில் தேர்வுக்கு வராத அத்தியாயம். எனவே இது நிபுணரின் தீர்ப்பு இல்லை. ஒரு கற்றுக்குட்டி, தனக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்த பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து எழுதும் குறிப்பு.

மொத்தம் நான்கு பள்ளிகள். பெட்டியைப் புதிதாக்கிவிட்டால் போதும் என்பவர்கள். உள்ளே இருப்பதை எல்லாம் ஒரேயடியாக மாற்று என்பவர்கள். உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ப்ளூடூத் வைப்பவர்கள். ஒரு பார்ட்கூடப் புதிதாகத் தெரியக்கூடாது என்கிற தூய்மைவாதிகள். நான்கையும் அளக்க நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் இரண்டே கேள்விகள்தான். இந்த வேலைக்குப் பிறகு அடுத்தவர் ஒருவர் பின்பலகையைக் கழற்றினால், அந்த ரேடியோவைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? படிக்கும் வரை அவர் உயிரோடு இருப்பாரா?

இரண்டாவது கேள்வி சும்மா பயமுறுத்த அல்ல. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் எழுத்து

ஐரோப்பிய வழிமுறைப்படி பெயரிட்ட வால்வுகளின் பெயர் ஒரு வாக்கியம் மாதிரி. ஈசிஎச்81 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஈ' என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். 'சி' என்றால் உள்ளே ஒரு ட்ரையோடு. 'எச்' என்றால் கூடவே ஒரு ஹெப்டோடு. கடைசி எண்களில் 8 என்பது ஒன்பது முள் கொண்ட சிறிய அடிப்பாகத்தைக் குறிக்கும். மாறிகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கச் சொல்லி நாங்கள் அலுவலகத்தில் மன்றாடிக்கொண்டிருக்கிறோம். இவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

இந்த முதல் எழுத்து ஒரு எச்சரிக்கையும்கூட. 'டி' என்றால் 1.4 வோல்ட் ஃபிலமென்ட், பேட்டரி செட். கரண்ட் வராத ஊர்களுக்கென்று விற்ற ரகம். அதற்கு 6.3 வோல்ட் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். 'ஈ' என்றால் பெரும்பாலும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சேசிஸ் மின்சார லைனிலிருந்து பிரிந்திருக்கும். ஆனால் 'யூ' என்று தொடங்கினால் நிறுத்தி நிதானிக்க வேண்டும். யூ வரிசை வால்வுகளின் ஹீட்டர்கள் எல்லாம் 100 மில்லிஆம்பியர். அவற்றைத் தீபாவளி சீரியல் பல்பு போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேராக லைனில் போட்டுவிடுவார்கள். யூசிஎச்81-க்கு 19 வோல்ட், யூபிஎஃப்89-க்கு 19, யூசிஎல்82-க்கு 50, யூவய்85-க்கு 38. கூட்டினால் 126. 230 வோல்ட்டில் மீதி 104 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டர் தின்று சுமார் 10 வாட் சூடாக வெளியே விடும். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். அன்றைக்குச் சில ஊர்களில் ஏசி, சில இடங்களில் டிசி சப்ளை இருந்ததால் இரண்டிலும் ஓடும் செட்டுக்குச் சந்தையும் இருந்தது. மோசமான யோசனை என்று சொல்லமாட்டேன்.

அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், லைனின் ஒரு முனை நேராகச் சேசிஸில் இருக்கும். அது நியூட்ரலா, ஃபேஸா என்பதைப் பிளக்கை எப்படிச் சொருகினீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். இரண்டு முள் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் சொருகலாம். அதாவது பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுவிட்ச் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ரேடியோ ஆஃபில் இருக்கும்போதுகூட ஹீட்டர்கள் வழியாகச் சேசிஸுக்குக் கரண்ட் வரலாம். அதனால்தான் பல செட்களில் குமிழின் திருகாணிக் குழியை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் அதை அழுக்கு என்று சுரண்டி எடுத்து, பளபளவென்று ஒரு உலோகத் திருகாணியைப் போட்டு வைக்கிறார். அந்த மெழுகுதான் காப்பு. சுரண்டி எடுத்தபோது ஒரு வரி எச்சரிக்கை அழிந்துபோனது.

நான் பார்த்த அறிமுகப் பாடங்கள் பலவற்றில் இதற்குக் கிடைக்கும் இடம் 'கவனமாக இருங்கள்' என்ற ஒரே ஒரு சொற்றொடர். எதில் கவனம்? அதைச் சொல்ல வேண்டாமா? இன்னொரு குழப்பமும் பரவலாக இருக்கிறது. டிம்மர்ஸ்டாட் வைத்து மெல்ல மெல்ல வோல்டேஜை ஏற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது ரேடியோவுக்கு வேண்டுமானால் கொஞ்சம் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. டிம்மர்ஸ்டாட் ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே ஒரே சுருள்தான், லைனிலிருந்து அது எதையும் பிரிப்பதில்லை. பிரிக்க வேண்டுமென்றால் தனியாக ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். யூ வரிசை செட்டை முதல் ரேடியோவாக எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. ஈ வரிசையிலும் ஆஃப் செய்த பிறகு ஃபில்டர் கெப்பாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை செய் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் ஸ்டைல் எதுவுமில்லை. கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது இதயம்.

'எல்லாத்தையும் மாத்திடு'

இரண்டாவது பள்ளியின் வேதம் இது. வால்வு ரேடியோவில் முதலில் கெட்டுப்போவது கெப்பாசிட்டர்கள். மெக்கானிக் வாயில் கண்டன்சர். மெழுகுத்தாள் வகை ஈரத்தை உறிஞ்சிக் கசியும், எலக்ட்ரோலிடிக் வகை காய்ந்துபோகும். ஆகவே யோசிக்காதே, இருபது இருந்தால் இருபதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடு என்கிறது இந்தப் பள்ளி.

நோய்க்குறிப்பு சரிதான். எவ்வளவு சரி என்பதற்கு ஒரு கணக்கு. அவுட்புட் வால்வு ஈஎல்84 என்று வைத்துக்கொள்வோம். டேட்டா ஷீட் கணக்குப்படி 250 வோல்ட்டில் அதன் அனோடில் 48 மில்லிஆம்பியர் ஓடும். பெருக்கினால் 12 வாட். அந்த அனோடு தாங்கும் உச்சமே 12 வாட்தான். அதாவது சாதாரண நாளிலேயே அது விளிம்பில் நிற்கிறது. கிரிட், கேத்தோடை விடச் சுமார் 7 வோல்ட் கீழே இருப்பதால்தான் அந்த விளிம்பைத் தாண்டாமல் நிற்கிறது. இப்போது அதற்கு முந்தைய வால்வின் அனோடில் 100 வோல்ட், இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய கப்ளிங் கெப்பாசிட்டர், அதில் 10 மெகாஓம் கசிவு, கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம். 100-ஐ 10.47-ஆல் வகுத்து 0.47-ஆல் பெருக்குங்கள். சுமார் 4.5 வோல்ட் பாசிட்டிவ் கிரிட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். வால்வு தறிகெட்டு ஓடும். ரேடியோ பாடிக்கொண்டேதான் இருக்கும், கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். உள்ளே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துகொண்டிருக்கும். 10 மெகாஓம் என்பது மல்டிமீட்டரில் பார்த்தால் 'நல்ல கெப்பாசிட்டர்' மாதிரிதான் தெரியும். மீட்டர் கொடுக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டில் தெரியாத கசிவு 100 வோல்ட்டில் வெளியே வரும். 'பாடுது, அதனால நல்லா இருக்கு' என்று விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

ஆக, மாற்ற வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. மாற்றும் விதத்தில்தான். இருபது பார்ட்ஸை ஒரே இரவில் மாற்றிவிட்டு சுவிட்சைப் போடுகிறீர்கள், ரேடியோ பேசவில்லை. இப்போது பழைய கோளாறா, நீங்கள் புதிதாகச் செய்த கோளாறா? ஒரு முனையை அடுத்த முள்ளில் பற்றவைத்திருக்கலாம், 0.01-க்குப் பதில் 0.1 போட்டிருக்கலாம். தெரியாது. எங்கள் தொழிலில் இருபது கோப்புகளை மாற்றி ஒரே கமிட்டில் போட்டு, குறிப்பில் 'சில திருத்தங்கள்' என்று எழுதுகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கைக்கொண்ட வரிசை இப்படி. சுவிட்சைப் போடும் முன்பே மாற்ற வேண்டியவை மூன்று: கப்ளிங் கெப்பாசிட்டர், லைனுக்குக் குறுக்கே இருப்பது, ஃபில்டர் எலக்ட்ரோலிடிக்குகள். லைனுக்குக் குறுக்கே போடுவதற்கென்றே தரச்சான்று பெற்ற எக்ஸ்2 வகை உண்டு, அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கக்கூடாது. இந்த மூன்றும் கெட்டால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து சுவிட்ச் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பிக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. இதற்காகவே ஒரு பழைய ஃபிலமென்ட் பல்பை வைத்திருக்கிறேன். அதன் பிறகு மற்ற மெழுகுத்தாள் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கலாம். ஐந்து மாலை ஆகும். ஆகட்டுமே, யார் துரத்துகிறார்கள்?

முழுக்கத் தொடாமல் விட வேண்டியதும் ஒன்று உண்டு: ஐஎஃப் சுருள்களின் திருகுகள். சூப்பர்ஹெட் ரேடியோவில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும், உள்ளே ஒரு ஆசிலேட்டர் அதைவிட ஒரே இடைவெளியில் மேலே ஓடும். இடைவெளி 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், சென்னை 720-க்கு ஆசிலேட்டர் 1175-ல் இருக்கும். வித்தியாசமாக வரும் அந்த 455-ஐ மட்டும் வடிகட்டித் தருவதுதான் அந்தச் சுருள்கள். தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்தது. 'லேசாகத் திருகிப் பார்த்தால் சத்தம் கூடும்' என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுக்கும் பாடங்கள் மன்னிக்க முடியாதவை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர் திருகிய செட்டை, சிக்னல் ஜெனரேட்டர் இருப்பவர்தான் சரிசெய்ய வேண்டும்.

கண்ணாடியில் இருக்கும் ஊர்கள்

இப்போது பெட்டி. ரேடியோவில் பார்வைக்கு முதலில் படுவது டயல் கண்ணாடி. அதில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், கொழும்பு என்று ஊர்ப்பெயர்கள். இந்த எழுத்துகள் பெரும்பாலும் கண்ணாடியின் பின்புறத்தில், சுட்டு ஏற்றாமல், வெறும் மையாக அச்சிட்டவை. பல பத்தாண்டுகளில் அந்த மை பிடிப்பு விட்டுப்போயிருக்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, கொழும்பு காணாமல் போய்விடும். கண்ணாடி மட்டும் பளிங்கு மாதிரி இருக்கும்.

இது நமக்குப் பழக்கமான கதைதான். தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில், கருங்கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று அழுத்தத்தில் மணலை வீசியடித்து, கல்வெட்டு எழுத்துகளையும் சிற்பங்களின் மூக்கையும் விரலையும் மழுக்கிய கொடுமையைக் கல்வெட்டு ஆர்வலர்கள் வருடக்கணக்கில் கத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. செய்தவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பக்தியோடுதான் செய்தார்கள். ஜீர்ணோத்தாரணம் என்றால் நைந்ததைத் தூக்கி நிறுத்துவது. நைந்ததைத் தேய்த்து எடுப்பது என்று அதற்குப் பொருள் கிடையாது.

மரப்பெட்டிக்கும் இதே நியாயம். உப்புத்தாளை எடுக்கும் முன், மேலே இருக்கும் பூச்சு என்ன என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். இளகினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். அரக்கு என்றால் பாதி வேலை முடிந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்ல நீவினாலே பழைய பூச்சு இளகித் தன் கீறல்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதைத் தேய்த்து எறிந்துவிட்டு மேலே பாலியூரித்தேன் பூசுகிறோம். கண்ணாடி போல மின்னும், அடுத்த முறை கீறல் விழுந்தால் மறுபடி உப்புத்தாள்தான். மேலே ஒட்டியிருக்கும் மரத்தோலோ காகிதம் மாதிரி மெல்லிசு. எத்தனை முறை தேய்க்கலாம்?

மெக்கானிக்கின் கை

நான்காவது பள்ளியான தூய்மைவாதிகள்மீது எனக்கு மரியாதை அதிகம். பழைய கெப்பாசிட்டரைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவிவிட்டு, அந்தக் காகிதக் கூட்டுக்குள் புதிய குட்டிக் கெப்பாசிட்டரை வைத்து மெழுகால் மூடுவார்கள். திறந்து பார்த்தால் 1950-களில் இருந்தபடியே இருக்கும். கைத்திறன் அபாரம். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு.

புராதனக் கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964-ல் உருவான வெனிஸ் சாசனம் இந்தத் துறையின் அடிப்படை ஆவணம். அதில் நான்கு கருத்துகள் ரேடியோ மேஜைக்கு அப்படியே பொருந்தும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும். புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும். வெவ்வேறு காலங்களில் சேர்ந்தவற்றையும் மதிக்க வேண்டும். செய்த எல்லாவற்றையும் ஆவணப்படுத்த வேண்டும். மீட்பு என்பதே ஒருவகை அழிப்பு என்று ஜான் ரஸ்கின் 1849-லேயே கடுமையாக வாதிட்டிருந்தார். அந்தக் கோபத்துக்குப் பிறகு, சரி, செய்வதென்றால் எப்படிச் செய்வது என்று வந்த நடைமுறைப் பதில்களில் ஒன்றாகத்தான் நான் சாசனத்தை வாசிக்கிறேன்.

இதன்படி பார்த்தால், பழைய கூட்டுக்குள் ஒளித்து வைத்த புதிய கெப்பாசிட்டர் அடுத்தவரிடம் சொல்லும் பொய். அவர் அது பழசு என்று நம்பி மறுபடி கழற்றுவார், அல்லது 'ஒரிஜினல்' என்று நம்பி அதிக விலை கொடுப்பார். கூட்டின் அடியில் வருடத்தைச் சின்னதாக எழுதிவிட்டால் பொய் நீங்கிவிடும். சேசிஸுக்கு அடியில் மஞ்சள் ஃபிலிம் கெப்பாசிட்டர் அப்பட்டமாகத் தெரிவதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. 'என்னை இன்றைக்கு வைத்தார்கள்' என்று அது நேர்மையாகச் சொல்கிறது.

மூன்றாவது கருத்துதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. என் செட்டில் ரெக்டிஃபையர் வால்வு ஈசெட்80 இருக்க வேண்டிய சாக்கெட் காலி. அடியில் பார்த்தால் இரண்டு பிஒய்127 டயோடுகள். ஒரு காலத்தில் நம் ஊர் ரிப்பேர் கடைகளில் கல்கண்டு மாதிரி புழங்கிய பார்ட். யாரோ ஒரு மெக்கானிக், வால்வு கிடைக்காத நாளில், வீட்டுக்காரர் அவசரப்படுத்த, இதைப் போட்டு ரேடியோவைப் பாட வைத்திருக்கிறார். இணைப்புகள் அத்தனை சுத்தம். தூய்மைவாதியின் கண்ணில் இது கறை. எனக்கு இது அந்த ரேடியோவின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயம்.

ஆனால் மரியாதை என்றால் கண்ணை மூடிக்கொள்வது ஆகாது. வால்வு ரெக்டிஃபையர் மெல்லச் சூடாகி, மற்ற வால்வுகளோடு சேர்ந்து விழிக்கும். டயோடு அந்த நொடியே விழித்துவிடும். மற்றவை தூங்கிக்கொண்டிருப்பதால் கரண்ட் இழுக்க ஆளில்லை, எனவே வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும். 250 வோல்ட் சுருள் என்றால் 353. செலக்டர் 220-ல் இருந்து, இரவில் லைன் 240-ஐத் தொட்டால் அது 385. 350 வோல்ட் போட்ட பழைய எலக்ட்ரோலிடிக் எத்தனை நாள் தாங்கும்? நான் செய்தது இதுதான்: டயோடுகளை அப்படியே விட்டேன், செலக்டரை 245-க்கு மாற்றினேன், புதிய எலக்ட்ரோலிடிக்குகளை 450 வோல்ட்டில் போட்டேன், ஓடும்போது வோல்டேஜ் பழைய அளவில் நிற்பதற்காக அளந்து பார்த்து ஒரு ரெசிஸ்டர் சேர்த்தேன். ஈசெட்80 சாக்கெட் காலியாக அங்கேயே இருக்கிறது. நாளைக்கு யாராவது வால்வுக்கே திரும்ப நினைத்தால் அரை மணி நேர வேலை. திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

உள்ளே ப்ளூடூத்

மூன்றாவது பள்ளியைக் கடைசிக்கு வைத்தேன். காரணம், அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. 'சரிப்பா, எல்லாம் செஞ்சாச்சு. என்னத்தக் கேப்ப?' என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது. நம் வீடுகளில் வால்வு செட்டுகள் அதற்கு முன்பே டிரான்சிஸ்டருக்கு வழிவிட்டுவிட்டன. எனவே இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் எஃப்எம் வராது. ஷார்ட்வேவில் தமிழ் தேய்ந்துகொண்டே போகிறது. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றது. மீடியம் வேவில் இருப்பதைக் கேட்கலாம் என்றால், வீட்டு எல்ஈடி விளக்கும் செல்போன் சார்ஜரும் போடும் இரைச்சல். அவற்றை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால்தான் குரல் தெளிகிறது.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பெட்டியைக் குடைந்தெடுப்பது பதில் ஆகாது. ஈ வரிசை செட்கள் பலவற்றின் பின்பலகையில் பிக்-அப் என்று இரண்டு துளைகள் இருக்கும். கிராமபோன் இணைப்பதற்காக ரேடியோவை வடிவமைத்தவரே வைத்த வாசல் அது. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரை அதில் மாட்டினால், செல்போனில் இருக்கும் பாட்டு அந்த ஈஎல்84 வழியாகவே வெளியே வரும். ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம். யூ வரிசை செட்டில் இதைச் செய்யாதீர்கள். பழைய கெப்பாசிட்டர் ஒன்றை நம்பி லைனையும் உங்கள் கையையும் இணைக்கும் வேலை அது.

குடைந்தெடுப்பவர்களைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. சேசிஸ் துருப்பிடித்து உதிர்ந்த, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த பெட்டிகள் உண்டு. அவற்றில் ஸ்பீக்கர் வைத்தால் குப்பைக்குப் போவது ஒன்று குறையும். என் ஆட்சேபம் பெயரில்தான். அது மரப்பெட்டியின் மறுபயன்பாடு. அதை மீட்பு என்று அழைக்கும்போது, நல்ல சேசிஸ் உள்ள பெட்டியையும் குடையலாம் என்று ஒரு கற்றுக்குட்டி கற்றுக்கொள்கிறார். இப்படிக் கழற்றிய ஐஎஃப் சுருள்கள் இனி யாரும் செய்யப்போவதில்லை.

பெட்டிக்குள் ஒரு தாள்

வால்வு ரேடியோவிடம் என்னை ஈர்த்தது அதன் ஒலி இல்லை. உள்ளதைச் சொன்னால், ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் அதைவிடத் தெளிவாகப் பாடும். ஈர்த்தது அதன் வெளிப்படைத்தன்மை. பல செட்களில் எந்த வால்வு எங்கே என்ற படத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருப்பார்கள். பார்ட்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவில், விரல் நுழையும் இடைவெளியில். இது பழுதாகும், யாரோ ஒருவர் திறப்பார், அவருக்குப் புரிய வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த பொருள். நான் எழுதும் நிரல்களில் எத்தனை அப்படி எழுதப்படுகின்றன என்பது வேறு விஷயம்.

ஆகவே மீட்பு என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் குறுகியது. பாடினால் மட்டும் போதாது, மின்னவே வேண்டியதில்லை. அடுத்த கைக்கு அது புரிய வேண்டும். நாலு பள்ளிகளும் தவறும் இடம் ஒன்றே: அடுத்தவர் ஒருவர் வருவார் என்பதை மறந்துவிடுகிறார்கள், கடைசி ஆள் தாங்கள்தான் என்பது போல வேலை செய்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வாங்கியதும் பிளக்கைச் சொருகாதீர்கள். வால்வுகளின் முதல் எழுத்தைப் படியுங்கள். கண்ணாடியைத் துடைக்காதீர்கள். கழற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கடைசியாக ஒரு தாளில் தேதி போட்டு, எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை, எது எனக்குப் புரியவில்லை என்று எழுதிப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டுங்கள். என் செட்டில் அந்தத் தாள் பதினான்கு வரி வந்திருக்கிறது. பன்னிரண்டாவது வரி: 'ஐஎஃப் திருகுகளைத் தொடவில்லை. ஷார்ட்வேவில் மேல் முனையில் நிலையங்கள் இடம் தள்ளி வருகின்றன. காரணம் கண்டுபிடிக்கவில்லை.' அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.